டல்லாஸிலிருந்து நியூ ஜெர்சிக்குக் காரில் துப்பாக்கி: லோடு செய்து வைக்கலாமா?

குமரன்_டல்லாஸ்

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். போன வருடம் சிட்டிசன் ஆனேன், அதன்பிறகு ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கி வாங்கினேன், துப்பாக்கியைக் கூடவே எடுத்துச் செல்ல டெக்சாஸ் கொடுக்கும் கேரி லைசென்ஸும் எடுத்தாயிற்று. இங்கே காரில் போகும்போது லோடு செய்து நடுவில் இருக்கும் கன்சோல் பெட்டியில்தான் வைத்துக்கொள்கிறேன், அதில் சட்டப்படி தப்பில்லை என்று வகுப்பிலேயே சொன்னார்கள்.

அடுத்த மாதம் எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரிலேயே போவதாகத் திட்டம். ஏறக்குறைய 1,500 மைல். லிட்டில் ராக், மெம்ஃபிஸ், நாஷ்வில் வழியாக ஐ-40 நெடுஞ்சாலை, அப்புறம் ஐ-81 பிடித்து வர்ஜீனியா முழுக்க ஏறி, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து இரண்டையும் லேசாகத் தொட்டு, பென்சில்வேனியாவில் ஐ-78க்கு மாறி நியூ ஜெர்சி. நடுவில் இரண்டு இரவு மோட்டல். வண்டி சியன்னா மினிவேன். நான், மனைவி, ஏழு வயதுப் பையன், என் மச்சினன். மச்சினன் எச்1பி விசாவில் இருக்கிறான், பாதி தூரம் அவன்தான் ஓட்டப் போகிறான்.

இரவில் ஆள் இல்லாத ரெஸ்ட் ஏரியாக்களில் நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் துப்பாக்கி கூட இருந்தால் தைரியம் என்று நினைக்கிறேன். லோடு செய்தே கொண்டு போகலாமா, இல்லை மேகசினை (தோட்டா அடைக்கும் கூடு) கழற்றிக் கன்சோலிலும் துப்பாக்கியைக் கிளவ் பாக்ஸிலும் வைத்தால் போதுமா? ஆபீசில் ஒருவர், "ஃபெடரல் சட்டம் இருக்கிறது, பூட்டி வைத்தால் எந்த மாநிலத்திலும் உன்னைத் தொட முடியாது" என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ரோட்டோர_ராஜா

தலைவா, ரொம்ப யோசிக்காதீங்க. நான் பன்னிரண்டு வருடமாக ஹூஸ்டனிலிருந்து கிழக்குப் பக்கம் போய் வந்துகொண்டிருக்கிறேன், எப்போதும் லோடு செய்துதான், ஒருத்தரும் இதுவரை நிறுத்திக் கேட்டதில்லை. வேகத்தை மீறாமல் போனால் யார் வண்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புத் துண்டு. ஆபத்து வரும்போது பெட்டியைத் திறந்து, மேகசினைத் தேடி, மாட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

மான்கொம்பு

ராஜா, மாட்டாமல் போனதையும் சட்டப்படி போனதையும் ஒன்றாக்காதீங்க. பன்னிரண்டு வருடம் சீட் பெல்ட் போடாமல் ஓட்டியவரும் இதையேதான் சொல்வார்.

குமரன், நான் பென்சில்வேனியாவில் இருபது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவன், அதனால் இந்தத் தலைவலி எல்லாம் பழக்கம். முதலில் ஒன்று: "லோடு" என்ற சொல்லுக்கு நாடு முழுக்க ஒரே அர்த்தம் கிடையாது. நாம் சாதாரணமாக என்ன நினைக்கிறோம், சேம்பரில், அதாவது தோட்டா சுடத் தயாராக இருக்கும் அறையில், தோட்டா இருந்தால் லோடு, இல்லாவிட்டால் இல்லை. கலிஃபோர்னியாவில் துப்பாக்கியில் மாட்டியிருக்கும் மேகசினில் தோட்டா இருந்தாலே லோடு. எங்கள் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே. மேகசினைக் கழற்றிவிட்டாலும், தோட்டா நிரப்பிய அந்த மேகசின் துப்பாக்கி இருக்கும் அதே பெட்டியில், பெட்டியில் பல அறைகள் இருந்தால் அதே அறையில், இருந்தால் அதுவும் லோடு செய்த துப்பாக்கிதான். நியூயார்க் சட்டம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்: துப்பாக்கியும் அதற்குப் பொருந்தும் தோட்டாவும் ஒரே நேரத்தில் ஒரே ஆளின் வசம் இருந்தால் போதும், "லோடு செய்த துப்பாக்கி" என்றே எழுதியிருக்கிறார்கள். உங்கள் வழியில் நியூயார்க் இல்லை, ஆனால் எடிசன் போன பிறகு மன்ஹாட்டன் சுற்றிப் பார்க்கப் போகாமலா இருப்பீர்கள்? வண்டியில் அதை மறந்துவிட்டு மட்டும் போய்விடாதீங்க.

அடுத்து, கைத்துப்பாக்கிக்கு ஒரு சட்டம், ரைஃபிள், ஷாட்கன்னுக்கு வேறு சட்டம். பென்சில்வேனியாவில் வேறு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் வண்டிக்குள் கைத்துப்பாக்கியை வைத்திருக்க விதிவிலக்கு உண்டு. ஆனால் எந்த லைசென்ஸ் இருந்தாலும் லோடு செய்த ரைஃபிளை வண்டியில் வைக்கக் கூடாது. காட்டிலிருந்து திரும்பும்போது சேம்பரை இரண்டு முறை விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் நான் டிக்கியில் வைப்பேன். அது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை, குண்டும் குழியுமான மலை ரோட்டில் தானாக வெடித்த கதைகள் எங்கள் குழுவில் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம்.

இப்போது உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னது. அவர் சொல்வது 1986ல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். முழுப் பொய் இல்லை, பாதி உண்மை, அதுதான் ஆபத்து. அந்தச் சட்டம் வழியில் இருக்கும் கடுமையான மாநிலத்தைக் கடந்து போக உங்களுக்கு ஒரு பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கி லோடு செய்யாமல் இருக்க வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் உட்காரும் இடத்திலிருந்து கை நீட்டி எடுக்கும்படி இருக்கக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால், சியன்னா அப்படித்தான், பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்தப் பெட்டி கிளவ் பாக்ஸாகவோ கன்சோலாகவோ இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆக நீங்கள் கேட்ட கிளவ் பாக்ஸ், கன்சோல் ஏற்பாடு அந்த இடத்திலேயே அடிபட்டுவிட்டது.

மேரிலாந்து வழியே ஐ-81 ஓடுவது சுமார் 12 மைல்தான், பதினைந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் மேரிலாந்து வேறு எந்த மாநிலத்தின் கேரி லைசென்ஸையும் ஏற்பதில்லை. அந்த 12 மைலுக்கு உங்கள் டெக்சாஸ் லைசென்ஸ் வெறும் பிளாஸ்டிக் அட்டை. அங்கே இந்த ஃபெடரல் சட்டம் கைகொடுக்கும், மேலே சொன்னபடி வைத்திருந்தால் மட்டும்.

பெரிய ஓட்டை இனிமேல்தான். புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை நீங்கள் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் முடிய வேண்டும். அப்போதுதான் நடுவழிக்குப் பாதுகாப்பு. நீங்கள் போய்ச் சேரும் இடம் நியூ ஜெர்சி. அதைப் பற்றி அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும், எனக்குத் தெரிந்தவரை உங்கள் திட்டம் அங்கேதான் உடைகிறது.

வாசுகி_ஆஸ்டின்

மான்கொம்பு அண்ணா விளக்கமாகச் சொல்லிவிட்டார். ஆனால் எல்லாரும் தோட்டா எங்கே இருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குக் கேள்வியைப் படித்ததும் கண்ணில் பட்டது மச்சினன்தான்.

குமரன், எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். டெக்சாஸ் என்ன சொல்கிறது என்பதே இங்கே கணக்கில் வராது. குடியேற்றம் அல்லாத விசா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், எச்4, எஃப்1, எல்1, எதுவானாலும். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் சட்டத்தில் இருக்கின்றன, ஆனால் உங்கள் மச்சினனிடம் அது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தண்டனை முன்பு 10 வருடம் வரை இருந்தது, 2022ல் வந்த சட்டத்துக்குப் பிறகு 15 வருடம் வரை. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்கிறேன் என்பதெல்லாம் செல்லாது, வரிசையில் நிற்பது கிரீன் கார்டு ஆகாது.

"துப்பாக்கி என்னுடையது, அவன் வெறும் டிரைவர்தானே" என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்திருப்பது என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை. அது அங்கே இருப்பது தெரிந்து, அதை எடுத்துப் பயன்படுத்தும் நிலையிலும் எண்ணத்திலும் ஒருவர் இருந்தால், அதுவும் வசம் வைத்திருப்பதாக நீதிமன்றங்கள் பார்க்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: நீங்கள் பின்சீட்டில் பையனோடு தூங்குகிறீர்கள், மச்சினன் ஓட்டுகிறான், அவன் வலது கைக்குப் பக்கத்தில் கன்சோலில் லோடு செய்த துப்பாக்கி. டென்னசியில் ஹைவே போலீஸ் நிறுத்துகிறார். யார் வசம் இருக்கிறது? அவன் எண்ணம் அது இல்லை என்று பிறகு வக்கீல் வைத்து வாதாடலாம்தான், அதற்குள் விசா என்ன ஆகும்? துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை ஆனால் விசாக்காரர் மட்டும் இல்லை, கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

என் தோழி வீட்டில் இதே மாதிரி ஒரு நிலை வந்தது, கணவர் சிட்டிசன், மனைவி எச்4. அவர்கள் பேசிய வக்கீல் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: பெட்டகத்தின் நம்பர் மனைவிக்குத் தெரியவே கூடாது. வீட்டிலேயே அப்படி என்றால் காரில் எப்படி இருக்கும் பாருங்கள். இதற்கு மேல் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

அப்புறம் பையன். டெக்சாஸிலேயே 17 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை லோடு செய்த துப்பாக்கியை எடுக்கும்படி விட்டு வைத்தால் அது குற்றம். பெட்ரோல் போட இறங்கும்போது வண்டியில் இருப்பது ஏழு வயதுப் பையனும் கன்சோலும்தான். இதை நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நீங்களே ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

குமரன்_டல்லாஸ்

அடேயப்பா. மச்சினன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, உண்மையைச் சொன்னால் அவன் ஒருமுறை என்னோடு ஷூட்டிங் ரேஞ்சுக்கும் வந்திருக்கிறான், இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

சரி, இப்படிச் செய்தால்? லோடு இல்லை, துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு பூட்டிய பெட்டியில், இரண்டும் கடைசி சீட்டுக்குப் பின்னால், பெட்டி மேல் சூட்கேஸ் எல்லாம் அடுக்கி, சாவி என் பாக்கெட்டில். எடிசனில் அக்கா வீட்டுக்குள்ளேயே இருக்கும், வெளியே எடுக்க மாட்டேன். அப்போதுமா பிரச்சினை?

எடிசன்_பாலா

அப்போதும்தான், தம்பி. நான் இந்த ஊரிலேயே இருக்கிறவன்.

நியூ ஜெர்சி எந்த மாநில லைசென்ஸையும் ஏற்காது. இங்கே கேரி பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படையிலேயே குற்றம், அதற்குச் சில விதிவிலக்குகள் கொடுத்திருக்கிறார்கள்: சொந்த வீடு, சொந்தக் கடை, வீடு மாறும்போது பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு, ரேஞ்சுக்குப் போய் வர, இப்படி. அக்கா வீடு உன் வீடு இல்லை. நீ விருந்தாளி. எவ்வளவு அழகாகப் பூட்டினாலும் சூட்கேஸ் எத்தனை அடுக்கினாலும், போய்ச் சேரும் இடத்தில் உனக்கு உரிமை இல்லை என்பதால் ஃபெடரல் பாதுகாப்பும் கிடையாது. மான்கொம்பு சொன்ன ஓட்டை இதுதான்.

சின்ன அபராதத்தோடு போய்விடும் என்று நினைக்காதே. இரண்டாம் நிலைக் குற்றம், 5 முதல் 10 வருடம், அதில் குறைந்தது மூன்றரை வருடம் பரோல் இல்லாமல் உள்ளே இருந்தாக வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. 2013ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பென்சில்வேனியா லைசென்ஸோடு பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். லேன் மாறியதில் ஏதோ தவறு என்று போலீஸ் நிறுத்தியபோது, மறைக்கக் கூடாது என்று அவரே "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ லைசென்ஸ்" என்று சொன்னார். கைது. அந்த வழக்கு பெரிய சத்தமாகி, மாநில அட்டர்னி ஜெனரல் 2014ல் அரசு வழக்கறிஞர்களுக்குப் புது வழிகாட்டுதல் கொடுக்க வேண்டியதாகி, கடைசியில் 2015ல் கவர்னர் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவருக்கு முழுதாக விடுதலை. எல்லாருக்கும் கவர்னர் வந்து மன்னிப்புக் கொடுக்க மாட்டார்.

இன்னொன்று, மோட்டலில் தங்குவதைப் பற்றி. 2005ல் யூட்டாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர், அவர் போக வேண்டியது பென்சில்வேனியாவின் ஆலன்டவுன். நியூவார்க்கில் இணைப்பு தவறிவிட்டது, பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார், காலையில் ஏர்போர்ட்டில் முறைப்படி "துப்பாக்கி இருக்கிறது" என்று அறிவித்தார், பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். வழக்கு பிறகு கைவிடப்பட்டது, அவர் திருப்பி வழக்குப் போட்டார், 2010ல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. காரணம் என்ன தெரியுமா, இரவு முழுக்கப் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்துவிட்டது, எனவே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவது நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர். உன் கடைசி மோட்டல் எந்த மாநிலத்தில் என்று ஒருமுறை பார்.

தோட்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இருப்பது அனேகமாக ஹாலோ பாயிண்ட்டாக (முனையில் குழி உள்ள தோட்டா) இருக்கும், தற்காப்புக்கு எல்லாரும் அதைத்தானே வாங்குகிறார்கள். இங்கே அதை வீட்டில் வைத்திருக்கலாம், வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகலாம், ரேஞ்சுக்கோ வேட்டைக்கோ எடுத்துப் போகலாம், மற்றபடி கையில் இருந்தால் தனிக் குற்றம். மேகசினுக்கு 2018ல் உச்ச வரம்பை 15லிருந்து 10 தோட்டாவாகக் குறைத்தார்கள். டெக்சாஸில் துப்பாக்கியோடு பெட்டியில் வரும் மேகசின் 15, 17 என்று இருக்கும். ஆக துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று, மேகசின் ஒன்று என்று ஒரே பெட்டிக்கு மூன்று வழக்கு.

வெளிமாநிலத்தவரும் இங்கே கேரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குப் பயிற்சி, சாட்சி, விரல் ரேகை எல்லாம் உண்டு. அடுத்த மாதப் பயணத்துக்கு அது ஆகிற கதை இல்லை.

ரோட்டோர_ராஜா

பாலா அண்ணா, அப்படியானால் 2022ல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் கொடுத்த தீர்ப்பு எதற்கு? வீட்டுக்கு வெளியே துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை என்று சொல்லிவிட்டார்களே.

எடிசன்_பாலா

சொன்னார்கள். தனிப்பட்ட "சிறப்புத் தேவை" காட்டினால்தான் லைசென்ஸ் என்று இருந்ததைத் தூக்கிப்போட்டார்கள், நியூ ஜெர்சியும் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. ஆனால் லைசென்ஸே வேண்டாம் என்று தீர்ப்பில் இல்லை, ஒரு மாநில லைசென்ஸை இன்னொரு மாநிலம் ஏற்றாக வேண்டும் என்றும் இல்லை. அதற்காக நாடாளுமன்றத்தில் மசோதா மேல் மசோதாவாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எங்கும் செல்லும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

மான்கொம்பு

நேற்று விட்டுப்போனது இரண்டு. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கிறது. 1990ல் வந்தது, 1995ல் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது, 1996ல் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, அதாவது டெக்சாஸ் லைசென்ஸ் டெக்சாஸ் பள்ளிகளுக்கு மட்டும். மற்ற இடத்தில் லோடு செய்யாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் தப்பிக்கலாம். சாப்பிட ஊருக்குள் இறங்கினால் எங்கே பள்ளி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று தபால் நிலையம். அக்காவுக்குப் பார்சல் அனுப்ப நிறுத்தினீர்கள் என்றால் அந்தப் பார்க்கிங்கும் ஃபெடரல் இடம், வண்டிக்குள் வைப்பதும் கூடாது. வழியில் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றால், 2010 முதல் பூங்காவில் அந்தந்த மாநிலச் சட்டம்தான், ஆனால் உள்ளே இருக்கும் அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டு போகக் கூடாது.

ராஜா சொன்ன "இரும்புத் துண்டு" விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் பாதி அனுதாபம் உண்டு. தற்காப்புக்கு என்று வைத்திருப்பவருக்கு மூன்று பூட்டுக்குள் இருக்கும் துப்பாக்கியால் ரெஸ்ட் ஏரியாவில் ஒரு உபயோகமும் இல்லை, உண்மைதான். அப்படி உபயோகமே இல்லாத பொருளை 1,500 மைல் சுமந்து, கடைசி 40 மைலில் ஜெயிலுக்குப் போகும் அபாயம் எதற்கு? வெளிச்சம் இருக்கும் லாரி நிறுத்தங்களில் நிறுத்துங்கள், பதினோரு மணிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

வாசுகி_ஆஸ்டின்

டெக்சாஸ்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. இங்கேயே 2007 வரை லைசென்ஸ் இல்லாதவர் காரில் கைத்துப்பாக்கி வைக்க "பயணம்" செய்பவர் என்ற விலக்குத்தான் இருந்தது, பயணம் என்றால் எத்தனை மைல் என்று சட்டத்தில் எழுதவே இல்லை, ஆளுக்கு ஒரு விளக்கம். 2007ல் சொந்த வண்டியில் மறைவாக வைக்கலாம் என்று ஆக்கினார்கள், 2021ல் 21 வயதுக்கு மேல் லைசென்ஸே தேவையில்லை என்றும் ஆனது. இதற்குப் பழகியவருக்கு மேரிலாந்து எல்லைப் பலகை வேறு நாடு மாதிரித்தான் இருக்கும்.

குமரன்_டல்லாஸ்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக மனைவியிடம் பேசினேன். அவள் முதல் நாளே "எதுக்கு அது" என்று கேட்டிருந்தாள், அதை நான் காதிலேயே வாங்கவில்லை.

துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும், நம்பர் எனக்கு மட்டும். கன்சோலை நேற்று முழுக்கத் துழாவினேன், அடியில் இரண்டு தோட்டா உருண்டு கிடந்தது, ஹாலோ பாயிண்ட்தான், பாலா அண்ணா சொன்ன மாதிரியே. ரேஞ்சுப் பையில் இன்னும் ஒரு டப்பா இருந்தது. சியன்னாவை வேக்குவம் போட்டு சீட்டுக்கு அடியில் எல்லாம் பார்த்தாயிற்று, புறப்படும் காலை இன்னொரு தடவை பார்ப்பேன். மச்சினனுக்காக ஒரு குடியேற்ற வக்கீலிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன், அந்த ரேஞ்சு விஷயத்தையும் கேட்க வேண்டும்.